பண்ணையும் மொய்யும்: ‘இலவச’ சமூக வலைத்தள விளையாட்டுகள் நம்மிடம் வாங்கிய விலை

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக மனத்தில் கிடந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். 2009 முதல் 2011 வரை, திருச்சியில் வங்கிப் பணியில் இருந்தபோது, சமூக வலைத்தளத்தில் வந்த ஒரு பண்ணை விளையாட்டில் மூழ்கிக் கிடந்தேன். அந்த வகையில் அப்போது பல விளையாட்டுகள் இருந்தன. எது என்பது முக்கியமில்லை என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். உழ வேண்டும், விதைக்க வேண்டும், குறித்த நேரத்தில் அறுக்க வேண்டும். நேரம் தவறினால் பயிர் வாடிவிடும். நான்கு மணி நேரத்தில் விளைவதை நள்ளிரவில் விதைத்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன். பால்காரர் வருவதற்கு முன்பே கணினியின் முன்னால் அமர்ந்திருக்கும் என்னைப் பார்த்து, வங்கி வேலை என்று நினைத்து, என் மாமியார் காபி போட்டுக் கொண்டுவந்து வைப்பார். அவரிடம் உண்மையைச் சொல்லாமல் அந்தக் காபியைக் குடித்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நான் அதில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. அதனால் எனக்கு இழப்பு ஏதுமில்லை என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். என்னைக் கட்டிப்போட்டது பயிர்கூட இல்லை, பரிசுகள்தான். நாள்தோறும் தோழிகள் மரக்கன்று, வேலிக்கட்டை, கன்றுக்குட்டி என்று ஏதேனும் அனுப்புவார்கள். வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அவர்கள் நமக்கு வைத்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்து வளர்ந்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு அந்த உறுத்தலை விளக்க வேண்டியதில்லை.

2011 தீபாவளிக்குப் பள்ளித்தோழி ஒருத்தியைத் தொலைபேசியில் அழைத்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த நான்கு மாதங்களிலும் நாங்கள் இருவரும் நாள் தவறாமல் ஒருவருக்கொருவர் வேலிக்கட்டை அனுப்பிக்கொண்டிருந்தோம். அன்றே விளையாட்டை விட்டேன்.

இப்போது 68 வயதான என் அம்மா கைப்பேசியில் மிட்டாய்களை வரிசை சேர்க்கும் ஒரு விளையாட்டை ஆடுகிறார். ஆட்டத்தைத் தொடர உதவும் ‘உயிர்’ கேட்டு உறவினர் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்புகிறார். தடுக்கலாமா, விட்டுவிடலாமா என்று தெரியவில்லை. இத்தகைய விளையாட்டுகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது உண்மையில் என்ன?

நிரலாளன்

காவிரிக்கரை அக்கா, நான் கைப்பேசி விளையாட்டு நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

பண்ணை விளையாட்டு ஒரே நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அன்று. சீனாவில் 2008-இலேயே ‘ஹேப்பி ஃபார்ம்’ பெரும் கூட்டத்தைச் சேர்த்திருந்தது. பிறகு முகநூலில் ‘ஃபார்ம் டவுன்’ வந்தது. 2009 ஜூனில் ஸிங்கா நிறுவனம் ‘ஃபார்ம்வில்’லை வெளியிட்டது. ஓராண்டு ஆவதற்குள் மாதந்தோறும் ஆடுபவர்கள் 8 கோடியைத் தாண்டினார்கள். எளிய படங்கள், எளிய விதிகள். இத்தனை பேர் ஏன் கட்டுண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சூதாட்ட இயந்திரத்தைப் போல எப்போது பரிசு விழும் என்று தெரியாமல் இருப்பதே போதைக்குக் காரணம் என்று பலரும் சொல்வார்கள். பண்ணைக்கு அது முழுமையாகப் பொருந்தாது. அங்கே குருட்டு யோகத்துக்குப் பெரிய வேலை இல்லை. ஸ்ட்ராபெர்ரி நான்கு மணி நேரத்தில் விளையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே வேலை செய்தது, போட்ட உழைப்பு வாடிப்போகுமே என்ற பதைப்பு. ஒன்றைப் பெறுவதில் வரும் மகிழ்ச்சியைவிட, கையில் இருப்பதை இழப்பதன் வலி நமக்குப் பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-இலேயே எழுதினார்கள். ஆடுபவர் தாமே நேரத்தைத் தேர்ந்து விதைப்பதால், கட்டாயப்படுத்தியது யாருமில்லை என்றும் தோன்றும். நான்கு மணி அலாரத்தை நீங்களே வைத்தீர்கள், இல்லையா?

இரண்டாவது கட்டு, நட்பு. பண்ணையை விரிவாக்க இத்தனை அண்டை வீட்டார் வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்று இருக்கும். ஆளைக் கொண்டுவா அல்லது காசைக் கொடு என்பதே அதன் பொருள். 2010-இல் ஸிங்காவின் வருவாய் ஏறத்தாழ 59.7 கோடி டாலர். ஆனால் ஆடுபவர்களில் மிகச் சிறிய பகுதியினரே பணம் செலுத்துகிறார்கள் என்று, 2011-இல் பங்குச் சந்தைக்கு வருமுன் அளித்த ஆவணத்தில் அந்த நிறுவனமே குறிப்பிட்டது. அப்படியானால் பணம் கொடுக்காத கோடிக்கணக்கானவர்களை எதற்காகச் சுமக்க வேண்டும்? பணம் கொடுத்து மாளிகை கட்டுபவருக்கு அதைப் பார்க்க ஓர் ஊர் தேவை. புதியவர்களை அழைத்துவர ஆட்கள் தேவை. நான் இருந்த இடத்திலும் கணக்கு அப்படித்தான் ஓடியது: இன்று வந்தவர்களில் நாளை எத்தனை பேர், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு காலையும் பார்ப்போம். நீங்கள் பணம் கொடுக்கவில்லை, அக்கா. ஆள் சேர்த்துக் கொடுத்தீர்கள். அது சம்பளமில்லாத வேலை.

புதுக்கோட்டை வாத்தியார்

இருவர் எழுதியதையும் படித்தேன். எனக்கு மாற்றுக்கருத்து உண்டு.

முதலில் மொய்யைப் பற்றி. இதை மொய்யோடு ஒப்பிடுவது மொய்க்குச் செய்யும் அநீதி. எங்கள் பகுதியில், கீரமங்கலம், ஆலங்குடி, பேராவூரணிப் பக்கங்களில், ஆடி ஆவணியில் மொய் விருந்து நடக்கும். அதில் சேர்ந்த பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்களையும் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களையும் நான் அறிவேன். வாங்கியவர் திருப்பிச் செய்யக் கடமைப்பட்டவர்தான். ஆனால் இடையில் அந்தப் பணம் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது. வேலிக்கட்டையை அனுப்பியவருக்கும் செலவில்லை, பெற்றவருக்கும் வரவில்லை. அதை வேறு பெயரால் அழையுங்கள்.

அடுத்து, எல்லா விளையாட்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். என் மனைவி மறைந்த பிறகு, மெல்பர்னில் இருக்கும் பேரனோடு நான் தினமும் எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் விளையாட்டு ஒன்றை ஆடுகிறேன். அவன் ஒரு சொல் வைப்பான், நான் பள்ளிக்கூடக் காலத்து ஆங்கிலத்தைத் தேடி எடுத்து ஒன்று வைப்பேன். நாளில் எங்களுக்குள் நடக்கும் ஒரே உரையாடல் சில சமயம் அதுதான். 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்தின்போது ஃபார்ம்வில் உள்ளிட்ட ஸிங்கா விளையாட்டுகளின் வழியாக ஆடியவர்கள் 10 லட்சம் டாலருக்கு மேல் நிவாரணம் சேர்த்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

என் அப்பத்தா மத்தியானச் சோறு முடிந்தால் பொழுது சாயும் வரை தாயம் உருட்டுவார். விளக்கு வைக்கும் நேரம் தவறியதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறார். அதை யாரும் நோய் என்று சொல்லவில்லை. அந்தத் தாயத்துக்கும் இந்தப் பண்ணைக்கும் என்ன வேறுபாடு என்று யாராவது தெளிவாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

நிரலாளன்

ஐயா, தாயக்கட்டை உங்கள் அப்பத்தாவைக் கவனிக்கவில்லை. அவர் எழுந்து போகப் பார்க்கும் நேரத்தை அறிந்து, அந்த நேரத்தில் மட்டும் ஒரு தாயம் விழும்படி தன்னை மாற்றிக்கொள்ளவும் இல்லை. நாங்கள் ஒரே கட்டத்தை இரு கூட்டத்தாருக்கு இரு விதமாகக் காட்டி, எதில் ஆட்கள் அதிக நேரம் தங்குகிறார்கள் என்று பார்த்து, அதையே எல்லோருக்கும் வைப்போம். தாயத்தில் பழம் எடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும். நாங்கள் செய்ததில் முடிவு என்ற ஒன்று கிடையாது.

அந்திமந்தாரை

வாத்தியார் ஐயாவின் கேள்விக்கு விடை தேடுபவர்களுக்கு ஒரு பழைய நிகழ்வை நினைவூட்டுகிறேன். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயன் போகோஸ்ட் என்ற விளையாட்டு ஆய்வாளர், இந்தப் பண்ணை விளையாட்டுகளின் எலும்புக்கூட்டை மட்டும் உருவி எடுத்துக் காட்ட வேண்டும் என்பதற்காக 2010 ஜூலையில் ‘கவ் க்ளிக்கர்’ என்ற ஒன்றை முகநூலில் வெளியிட்டார். ஒரு பசுவின் படம் இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் தட்டலாம். தட்டினால் எண்ணிக்கை ஒன்று கூடும். நண்பர்களின் பசுக்களை உங்கள் தொழுவத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பணம் கொடுத்தால் வேறு நிறப் பசு கிடைக்கும். அவ்வளவுதான்.

விமரிசனமாகச் செய்த அந்தப் பொருளை ஆயிரக்கணக்கானோர் மெய்யாகவே ஆடத் தொடங்கினார்கள். உச்சத்தில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். வெறும் நிறமாற்றத்துக்குப் பணம் கட்டியவர்களும் உண்டு. 2011 செப்டம்பரில் அவர் பசுக்களையெல்லாம் மறையச் செய்தார். பசு நின்ற இடத்தில் வெறும் நிழல் மட்டும் மிஞ்சியது. அதையும் சிலர் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வுக்கு மனிதர்கள் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்பதைத்தான் அந்தப் பசு காட்டியது என்று நினைக்கிறேன். ஐயா, உங்களுக்கும் பேரனுக்கும் இடையில் ஒரு சொல்லாவது இருக்கிறது. பசு நின்ற இடத்தில் அதுகூட இல்லாதபோதும் கூட்டம் கலையவில்லை.

மாடிவீடு

இந்த இழையைப் படித்துவிட்டு, எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் மகனுக்கு வயது பதினொன்று. கோட்டை கட்டி, கூட்டணி சேர்ந்து, அடுத்தவர் கோட்டையைத் தாக்கும் ஒரு விளையாட்டை என் கைப்பேசியில் ஆடிவந்தான். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். மளிகைக் கடையில் நான் பணம் செலுத்தும்போது பக்கத்தில் நின்று யூ.பி.ஐ. பின்னைப் பார்த்து வைத்திருக்கிறான். 89 ரூபாய், 179 ரூபாய், 449 ரூபாய் என்று ஏழு வாரங்களில் 23,400 ரூபாய் போயிருக்கிறது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை வந்தவுடன் அழித்திருக்கிறான். வீட்டு வாடகை கட்டும் நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

அவனைக் கண்டித்தபோது அவன் சொன்ன காரணம் என்னை உலுக்கிவிட்டது. கூட்டணியில் இருக்கும் மற்றப் பையன்கள் எல்லோரும் கோட்டையை உயர்த்திவிட்டார்களாம். இவன் மட்டும் உயர்த்தாவிட்டால் போரில் தோற்று, இவனால்தான் எல்லோருக்கும் பரிசு போயிற்று என்று வெளியேற்றிவிடுவார்களாம். அந்தப் பையன்களில் நால்வர் இவன் வகுப்பில் படிப்பவர்கள். பேராசையால் செய்தான் என்று நினைத்து அடிக்கக் கை ஓங்கியவள், அதைக் கேட்டபின் அடிக்கவில்லை. ஆனாலும் திருட்டு திருட்டுதானே? பணத்தைத் திரும்பப் பெற ஏதேனும் வழி உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டம் படிப்பவன்

மாடிவீடு அம்மா, முதலில் செய்ய வேண்டியவை. செயலியைப் பதிவிறக்கிய இணையக் கடையின் கணக்கில் ‘பணம் திரும்பக் கோரல்’ பகுதிக்குச் சென்று, ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, சிறுவன் அனுமதியின்றிச் செய்தது என்று எழுதுங்கள். நாள் கடந்தால் வாய்ப்புக் குறையும் என்பதால் இன்றே செய்யுங்கள். பின்னை மாற்றுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

உங்களுக்கு நேர்ந்தது உலகில் முதல் முறை நடப்பதன்று. ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தபின் பதினைந்து நிமிடங்களுக்குக் குழந்தைகள் எத்தனை பொருளையும் வாங்க முடிந்தது என்ற குற்றச்சாட்டில், ஆப்பிள் நிறுவனம் பெற்றோருக்குக் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர 2014 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. முகநூலில் குழந்தைகள் விளையாட்டுகளுக்குச் செலவிட்ட பணம் தொடர்பான வழக்கு ஒன்று 2012-இல் தொடங்கி 2016-இல் சமரசமானது. அதன் ஆவணங்களை 2019 ஜனவரியில் நீதிமன்றம் வெளியிடச் செய்தபோது, பெரும் பணம் செலவழித்த ஒரு சிறுவனை ஊழியர்கள் தங்களுக்குள் ‘திமிங்கிலம்’ என்று குறிப்பிட்டது தெரியவந்தது. சூதாட்ட விடுதிகளில் பெருந்தொகை வைத்து ஆடுபவரைக் குறிக்கும் சொல் அது.

சட்டம் எங்கே தடுமாறுகிறது என்பதையும் சொல்கிறேன். சூது என்றால் பணம் வைத்துப் பணம் எடுக்கும் நம்பிக்கை வேண்டும் என்பதே பெரும்பாலான சட்டங்களின் அடிப்படை. இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பண விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. சமூக விளையாட்டுகளைத் தனி வகையாக்கி, ஊக்குவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் வைக்கிறது. பணத்தைப் போட்டு எதையும் திரும்ப எடுக்கவே முடியாத விளையாட்டு, என் வாசிப்பில், அந்தத் தடைக்கு வெளியே நிற்கிறது. ஆடுபவருக்கு ஒரு காசுகூடத் திரும்பாது என்பதே அதைக் காப்பாற்றுகிறது என்றால், இந்தப் பாகுபாட்டை இன்னும் ஆழமாக எண்ணிப் பார்க்க வேண்டாமா?

வேறு இடங்களில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில், பணம் கொடுத்துக் குலுக்கலில் எடுக்கும் அட்டைகளை முழுத் தொகுதியாகச் சேர்த்தால்தான் அரிய பரிசு கிடைக்கும் என்ற முறையை, சமூக விளையாட்டு நிறுவனங்கள் பெரிய அளவில் நடத்திவந்தன. 2012 மே மாதத்தில் நுகர்வோர் முகமை அது சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டத்தை வைத்து 2018 மார்ச்சில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்று, காசாக மாற்ற முடியாத மெய்நிகர் சூதாட்டச் சில்லுகள்கூட, மேலும் ஆட உரிமை தருவதால், மதிப்புடைய பொருளே என்று கூறியது. அந்த வழக்கு 2020-இல் 15.5 கோடி டாலருக்குச் சமரசமானது.

அந்திமந்தாரை

நாம் இதுவரை பேசாத இன்னொரு விலை, நம்மைப் பற்றிய தகவல். ஃபார்ம்வில் உள்ளிட்ட முகநூல் செயலிகள் பயனரின் அடையாள எண்களை விளம்பர நிறுவனங்களுக்கும் தரவு நிறுவனங்களுக்கும் கடத்துகின்றன என்று 2010 அக்டோபரிலேயே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் எழுதியது. பிறகு, ‘உங்கள் குணம் என்ன’ என்று சொல்லும் வினாடி வினாச் செயலி ஒன்று, அதை நிறுவியவர்களின் நண்பர்களுடைய தகவலையும் சேர்த்து அள்ளியதால், 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று முகநூல் 2018-இல் தெரிவித்தது. அந்தச் செயலியை நிறுவியவர்கள் சில லட்சம் பேர்தான். மற்றவர்களின் கதவைத் திறந்துவிட்டது அவர்களுடைய நண்பர்கள். 2019 செப்டம்பரில், சொல் கோக்கும் விளையாட்டு ஒன்றின் பயனர்களையும் உள்ளடக்கி, ஸிங்காவின் 17 கோடிக் கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. வாத்தியார் ஐயா, நீங்கள் ஆடுவது எதுவாயினும், அந்தக் கடவுச்சொல்லை வங்கிக்கும் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

புதுக்கோட்டை வாத்தியார்

மாற்றிவிட்டேன், அம்மா. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

தாயக்கட்டை அப்பத்தாவைக் கவனிக்கவில்லை என்ற தம்பியின் சொல்லை ஏற்கிறேன். அதோடு, அப்பத்தாவைத் திட்டி எழுப்ப என் தாத்தா திண்ணையில் இருந்தார். கைப்பேசிக்கு முன்னால் தனியாக அமர்ந்திருப்பவரை எழுப்ப யாருமில்லை. ஆனால் மொய்யைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. மாடிவீட்டு அம்மாவின் மகன் தன் கூட்டணிக்குக் கட்டியதைத்தான் மொய்யோடு ஒப்பிட வேண்டும். அவன் கடமையாக நினைத்துச் செய்தான். செய்த பணம் அந்த நான்கு பையன்களில் ஒருவன் வீட்டுக்காவது போனதா?

காவிரிக்கரை

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவிடம் இந்த இழையில் பேசியதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கைப்பேசியை எடுத்து, தமக்கு உயிர் அனுப்புபவர்களின் பட்டியலைக் காட்டினார். முதலாவது பெயர் யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் பெரியம்மா மகளுடையது. இரண்டு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. ஏதோ ஒரு கல்யாணத்தில் அழைப்பு முறையில் நேர்ந்த மனத்தாங்கல். “காலையில் உயிர் வந்தால், அவள் எழுந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்” என்றார் அம்மா.

எனக்கு என் தோழியின் தந்தை நினைவுக்கு வந்தார். அந்த நான்கு மாதங்களில் அவளும் எனக்கு ஒவ்வொரு காலையும் வேலிக்கட்டை அனுப்பினாள். நானும் அவள் நன்றாக இருக்கிறாள் என்றே தெரிந்துகொண்டேன். அதை அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவளுடைய நம்பர் உன்னிடம் இருக்கிறதா?” என்று கேட்டார். இருந்தது. பெரியம்மா மகளை அழைத்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். விளையாட்டை நீக்கச் சொல்லவில்லை, அம்மாவும் நீக்கவில்லை.

நிரலாளன் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். இரவு பத்து மணிக்கு மேல் அந்த அறிவிப்புகள் வராமல் நிறுத்தும் முறையைப் படிப்படியாகத் தமிழில் இங்கே எழுதுங்கள். என் அம்மாவைப் போன்றவர்கள் படித்துத் தாமே செய்துகொள்ளும்படி இருக்க வேண்டும்.

மாடிவீடு

சட்டம் படிக்கும் தம்பிக்கு நன்றி. நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். கடைசி இரண்டு நாள்களில் எடுத்த 1,796 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. மற்றவற்றுக்குக் காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், எண் கொடுத்திருக்கிறார்கள்.

வகுப்பில் படிக்கும் அந்த நால்வரின் வீடுகளுக்கும் நானே நேரில் போனேன். இரண்டு வீடுகளில் அதே கதை. பெற்றோருக்கு அதுவரை தெரியாது. நாங்கள் மூவரும் சேர்ந்து அடுத்த வாரம் வகுப்பாசிரியரைப் பார்க்கப் போகிறோம்.

மகன் இப்போது மாலையில் தெருவில் விளையாடப் போகிறான். அவன் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அவனுடைய கோட்டை இன்னும் அங்கே நிற்கிறதா, யாராவது இடித்துவிட்டார்களா என்று. திறந்து பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.